கிளமிடியா தொற்று: சந்தேகம் முதல் மறுபரிசோதனை வரை

"அக்கா, இந்த மாத்திரைய அவருக்கு டீயில கலந்து குடுத்துடலாமா?"

என்னிடம் இப்படிக் கேட்ட பெண்ணுக்கு அப்போது 23 வயது. கல்யாணமாகி ஒன்றரை வருடம். வெள்ளைப்படுகிறது, அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று அதற்குள் மூன்று இடங்களில் வைத்தியம் பார்த்திருந்தாள். ஒவ்வொரு முறையும் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. மூன்று இடத்திலும் ஒருவர்கூட "வீட்டுக்காரர் மருந்து சாப்பிட்டாரா?" என்று கேட்டிருக்கவில்லை.

பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகராக உட்கார்ந்திருந்த வருடங்களில் இதே கதையை வேறு வேறு முகங்களிடம் கேட்டிருக்கிறேன். கிளமிடியா உறவின் வழியாகப் பரவும் தொற்று. அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, விலையும் குறைவு. ஆனாலும் அது திரும்பத் திரும்ப வருகிறதென்றால், இருவர் சாப்பிட வேண்டிய மருந்தை ஒருவர் மட்டும் சாப்பிட்டிருப்பார். அதனால்தான் இந்த வழிகாட்டியில் மாத்திரையைவிடத் துணையிடம் பேசுவதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவுகளையும் சொல்லியிருக்கிறேன். மருத்துவர் எழுதிய சீட்டு உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது. கடையில் நீங்களே கேட்டு வாங்கிச் சாப்பிடுவதற்காக இல்லை.

கிருமியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்

கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் என்பது ஒரு பாக்டீரியா. 1907-ல் ஜாவா தீவில் ஹால்பர்ஸ்டெட்டர், பிரௌவசெக் என்ற இருவர், கண்ணில் வரும் டிரக்கோமா நோயை ஆராய்ந்தபோது செல்களுக்குள் இதை முதன்முதலாகப் பார்த்தார்கள். உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளர்வதால் வெகுகாலம் இதை வைரஸ் என்றே நினைத்திருந்தார்கள். கிரேக்க மொழியில் போர்வை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

இதே இனத்தின் சில வகைகள் கண்ணைத் தாக்கும். அந்த டிரக்கோமாவைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா ஒழித்துவிட்டதாக 2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. D முதல் K வரையிலான வகைகள் பிறப்புறுப்பைத் தாக்கும். இங்கே பேசப்போவது பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான். 2020-ல் மட்டும் உலகில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடம் சுமார் 12.9 கோடி புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இதன் வாழ்க்கைச் சுழற்சியை ஒருமுறை புரிந்துகொண்டால் வைத்தியம் ஏன் இப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கிருமிக்கு இரண்டு வடிவம். வெளியே இருக்கும்போது விதை மாதிரி, சின்னதாக, கெட்டியான உறையோடு இருக்கும், பெருகாது. நம் செல்லுக்குள் நுழைந்ததும் பெரிதாகி, ஒரு பைக்குள் உட்கார்ந்துகொண்டு பல மடங்காகப் பெருகும். இரண்டு மூன்று நாளில் மறுபடி விதை வடிவத்துக்கு மாறி, செல்லை விட்டு வெளியேறி அடுத்த செல்லைப் பிடிக்கும். பெருகுகிற கட்டத்தில்தான் மருந்து அதைத் தாக்கும். மருந்து செல்லுக்குள்ளே நுழைய வேண்டும், சில சுழற்சிகள் முடியும்வரை அங்கேயே நிற்கவும் வேண்டும். நான்காம் நாள் எரிச்சல் போய்விட்டதே என்று மாத்திரையை நிறுத்துகிறவர் இந்தக் கணக்கைத்தான் கெடுக்கிறார்.

படி 1: சந்தேகப்படத் தெரிய வேண்டும்

இதுதான் கடினமான படி, ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தெரியாது. தொற்று உள்ள பெண்களில் நாலில் மூன்று பேருக்கும், ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் அறிகுறி இல்லாமலே இருக்கலாம். தெரிகிறவர்களுக்கு, தொற்று ஏற்பட்டு ஒன்று முதல் மூன்று வாரத்தில் தெரியும்.

ஆண்களுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், காலையில் ஆணுறுப்பு நுனியில் தண்ணீர் போலவோ லேசான வெள்ளையாகவோ கசிவு, உள்ளாடையில் கறை, சிலருக்கு ஒரு பக்க விரையில் வலியும் வீக்கமும். பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், மாதவிலக்குக்கு இடையில் அல்லது உறவுக்குப் பிறகு ரத்தக்கசிவு, உறவின்போது ஆழத்தில் வலி, அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு. ஆசனவாய் வழி உறவு இருந்தால் அங்கே வலி, சளி, ரத்தம். தொண்டையில் தொற்று இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

நம் ஊரில் இதற்கெல்லாம் ஒரே பதில் வைத்திருக்கிறோம்: "சூடு பிடிச்சிருக்கு." இளநீர் குடி, வெந்தயம் ஊறப்போட்டுச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. இதில் எதுவும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கிளமிடியாவின் எரிச்சல் தானாகவே குறைந்து மறையக்கூடியது. இளநீர் குடித்த வாரத்தில் அது மறைந்தால் இளநீருக்குப் பேர் வந்துவிடும். கிருமி மட்டும் மாதக்கணக்கில், சிலரிடம் ஒரு வருடத்துக்கும் மேலாக உள்ளேயே இருக்கும். பெண்களிடம் கருக்குழாய்வரை ஏறிப் போகவும் கூடும். நீர்க்கடுப்பு என்று சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்து, அதில் ஒன்றும் வளரவில்லை, ஆனால் எரிச்சலும் சீழ்செல்களும் இருக்கின்றன என்றால், கிளமிடியாவை நினைக்க வேண்டிய இடம் அது. சாதாரண கல்ச்சர் தட்டில் இந்தக் கிருமி வளராது.

அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டியவர்கள் உண்டு. துணைக்குத் தொற்று இருப்பதாகத் தெரிந்தவர்கள், புதிய துணையோடு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டவர்கள், வேறொரு பால்வினை நோய் வந்தவர்கள். அமெரிக்காவில் உறவில் இருக்கும் 25 வயதுக்குட்பட்ட பெண்கள் எல்லோரையும் வருடம் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நம்மிடம் அந்த வழக்கம் இல்லாததால் சந்தேகத்தை நாமேதான் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

படி 2: எங்கே போவது

மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். அங்கே கிடைக்கும் "ஒரு நாள் மாத்திரை" வேறு நோய்க்கானதாக இருக்கலாம், பாதி அளவாக இருக்கலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். பரிசோதனையும் மருந்தும் ஆலோசனையும் இலவசம். தனியாரிடம் போவதானால் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர், பெண்கள் என்றால் மகப்பேறு மருத்துவர். எங்கே போவது என்றே புரியவில்லையா, 1097 என்ற கட்டணமில்லாத எண்ணை அழையுங்கள். எய்ட்ஸ் உதவி எண்தான், ஆனால் பால்வினை நோய் பற்றியும் வழி சொல்வார்கள்.

உள்ளே போனதும் மூன்று விஷயங்களை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: கடைசியாக உறவு எப்போது, எந்த வழியில், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா. "எந்த வழியில்" என்பதை வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் அதிகம். அதை மறைத்தால் பரிசோதனை தவறான இடத்தில் நடக்கும், மருந்தும் மாறிப்போகும்.

படி 3: பரிசோதனை

இப்போதுள்ள சரியான பரிசோதனை, கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிப்பது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு பி.சி.ஆர். எடுத்தார்களே, அதே குடும்பம். ஆண்களுக்குச் சிறுநீர் போதும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: சாதாரண சிறுநீர்ப் பரிசோதனைக்கு "முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல பிடிங்க" என்று சொல்வார்கள். இதற்கு நேர் எதிர். ஒரு மணி நேரமாவது சிறுநீர் போகாமல் இருந்து, வருகிற முதல் 20 முதல் 30 மில்லியைத்தான் பிடிக்க வேண்டும். குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் செல்களை அடித்துக்கொண்டு வருவது அந்த முதல் பங்குதான். டப்பா நிறையப் பிடித்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். அப்படி நீர்த்துப்போன சிறுநீரில் தொற்று இருந்தும் தெரியாமல் போகலாம்.

பெண்களுக்குச் சிறுநீரைவிட, பெண்ணுறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுக்கும் மாதிரி நல்லது. அதை அவர்களே திரைக்குப் பின்னால் நின்று எடுக்கலாம். மருத்துவர் எடுத்ததற்குச் சமமாகவே இருக்கும். உள்ளே யாரும் கருவி வைத்துப் பார்க்கப்போவதில்லை என்று சொன்னதும் பல பெண்களின் தோள் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆசனவாய், தொண்டை வழி உறவு இருந்தால் அந்த இடங்களிலிருந்தும் குச்சி எடுக்க வேண்டும்.

உறவு நடந்த மறுநாளே ஓடாதீர்கள். கிருமி கண்டுபிடிக்கும் அளவுக்கு வர இரண்டு வாரம் ஆகலாம். முன்பே எடுத்து "இல்லை" என்று வந்தால், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

குழந்தையில்லை என்று போகிற தம்பதிகளுக்கு ரத்தத்தில் கிளமிடியா ஐ.ஜி.ஜி. என்று, எதிர்ப்பொருளைத் தேடும் ஒரு பரிசோதனை எழுதுவதுண்டு. அது என்றோ ஒருநாள் தொற்று வந்துபோனதைக் காட்டலாம். இப்போது தொற்று இருக்கிறதா என்று சொல்லாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களும் உண்டு, மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பியவர்களும் உண்டு. இரண்டுக்கும் அந்தத் தாள் ஆதாரமாகாது.

எந்தப் பரிசோதனை செய்தாலும் கொனோரியா, சிபிலிஸ், எச்.ஐ.வி. என்ற மற்ற மூன்று பால்வினைத் தொற்றுகளையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். எச்.ஐ.வி.க்கு அரசின் பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் இலவசம். கிளமிடியா இருக்கும் உடம்பில் எச்.ஐ.வி. தொற்றுவது எளிது.

மரபணுப் பரிசோதனை எல்லா அரசு மையத்திலும் கிடைப்பதில்லை. அதனால் அறிகுறியை வைத்தே வைத்தியம் தொடங்கும் முறை நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. கசிவு உள்ள ஆணுக்கும், கருப்பை வாயில் அழற்சி உள்ள பெண்ணுக்கும் சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்று தருவார்கள். உள்ளே அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் சேர்த்து ஒரே வேளை. இந்த முறையின் குறை என்னவென்றால், அறிகுறியே இல்லாதவர் அதன் கண்ணில் படமாட்டார். அவர் வந்து சேர ஒரே வழி, அவருடைய துணை அவரிடம் சொல்வது.

படி 4: மருந்தும் அதைச் சாப்பிடும் விதமும்

சிக்கல் இல்லாத கிளமிடியாவுக்கு இன்று முதல் தேர்வு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 7 நாள். மொத்தம் 14 மாத்திரை. மாற்று வழி அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை. ஒரே வேளையில் முடிவது வசதிதான், ஆனால் ஆசனவாய்த் தொற்றில் அது பின்தங்குகிறது. 2021-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், அந்த இடத்துத் தொற்றை டாக்சிசைக்ளின் சுமார் 97 சதவீதம் பேரிடம் குணப்படுத்தியது. அசித்ரோமைசின் 76 சதவீதம் பேரிடம்தான். எந்த வழியில் உறவு என்பதைச் சொல்லுங்கள் என்று முன்பு வற்புறுத்தியதற்கு இதுதான் காரணம்.

டாக்சிசைக்ளின் சாப்பிடுவதில் கவனம் வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்குங்கள். விழுங்கியதும் அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். இரவு மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் முழுங்கிவிட்டு அப்படியே படுக்கையில் சாய்ந்தால், அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில்கூட முழுங்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றெரிச்சலுக்கான ஜெல் இவை மருந்தை உடம்பில் சேரவிடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். நம் பெண்களில் பலர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆனால் அதை ஒரு மருந்தாக நினைத்துச் சொல்லவே மாட்டார்கள். வெயிலில் தோல் சிவந்து எரியக்கூடும் என்பதால் வயல் வேலை, கட்டட வேலை செய்கிறவர்கள் அந்த ஒரு வாரம் கையை மூடி, தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

அசித்ரோமைசின் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மையத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள், மறுபடி தருவார்கள்.

கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் தருவதில்லை. அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை. அது ஒத்துக்கொள்ளாவிட்டால் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, 7 நாள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் மாத்திரைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

தொற்று மேலே ஏறிவிட்டால் கணக்கு மாறும். கருப்பை, கருக்குழாய் அழற்சிக்கு 14 நாள், அதுவும் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்து. விரை வீக்கத்துக்கு ஊசியும் 10 நாள் டாக்சிசைக்ளினும். L வகைக் கிளமிடியா என்று ஒன்று உண்டு. தொடையிடுக்கில் வலியோடு நெறிகட்டும், சில சமயம் உடைந்து சீழ் வரும், அல்லது ஆசனவாயில் கடும் அழற்சி தரும். அதற்கு 21 நாள்.

படி 5: துணையிடம் சொல்வது

கடந்த 60 நாளில் உங்களோடு உறவில் இருந்த ஒவ்வொருவரும் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்குள் யாரும் இல்லையென்றால், கடைசியாக இருந்தவர்.

வழக்கமாக வீட்டில் வெடிக்கும் கேள்வி, "யாரு கொண்டு வந்தது?" இதற்கான நேர்மையான பதில் இந்தக் கிருமியிடம் இல்லை. அறிகுறியே காட்டாமல் மாதக்கணக்கில் இருக்கக்கூடியது என்பதால், இன்று கண்டுபிடித்த தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. யாருக்கு முதலில் அறிகுறி வந்ததோ அவர்தான் குற்றவாளி என்பதும் தவறு. பெரும்பாலும் முதலில் மருத்துவமனைக்கு வந்தவரே பழியைச் சுமக்கிறார், அதுவும் பெண்ணாக இருந்தால் சொல்லவே வேண்டாம். இதை நான் கடுமையாகவே சொல்வேன்: வைத்தியத்துக்கு வந்தவளைத் தண்டிக்கிற வீட்டில் அடுத்த முறை யாரும் வைத்தியத்துக்கு வரமாட்டார்கள்.

பொதுக் கழிப்பறையில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். அப்படிப் பரவுவதில்லை. அந்தப் பொய்யை நம்பும் துணை "எனக்கெதுக்கு மாத்திரை?" என்றுதான் கேட்பார்.

எப்படிச் சொல்வது? இரவில் படுக்கையில் வேண்டாம், மாமியார் அடுப்படியில் நிற்கும்போதும் வேண்டாம். மருத்துவமனை வாசலிலிருந்து போன் செய்வதுகூட நல்லதுதான். நாங்கள் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம் இது: "எனக்கு உள்ள ஒரு கிருமித் தொற்று இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. கூட இருக்கறவங்களுக்கும் தெரியாமலே இருக்குமாம். ரெண்டு பேரும் ஒண்ணா மருந்து சாப்பிடலன்னா திரும்பத் திரும்ப வருமாம். உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க." இதில் பொய் எதுவும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நேரில் சொல்லவே முடியாது என்றால் மையத்தில் துணைக்கென ஒரு சீட்டு தருவார்கள். அதைக் கொடுத்தால் போதும். சொன்னால் அடிப்பார் என்ற பயம் இருந்தால் ஆலோசகரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். அப்போது வேறு வழி யோசிப்போம்.

டீயில் கலப்பது மட்டும் கூடாது. ஒவ்வாமை உண்டா, இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் தெரியாமல் யாருக்கும் மருந்து கொடுக்கக் கூடாது. தனக்குத் தெரியாமல் மருந்து சாப்பிட்டவர் அந்த ஒரு வாரம் விலகியும் இருக்கமாட்டார்.

படி 6: ஒரு வாரம் விலகியிருத்தல்

ஒரே வேளை மருந்து என்றால் சாப்பிட்ட நாளிலிருந்து 7 நாள். ஏழு நாள் மருந்து என்றால் கடைசி மாத்திரை வரை. இருவரில் யார் கடைசியாக முடிக்கிறாரோ அவர் கணக்குதான் இருவருக்கும். இந்த நாட்களில் ஆணுறையோடுகூட உறவு வேண்டாம்.

எப்போது உடனே ஓட வேண்டும்

அடிவயிற்று வலியோடு காய்ச்சல், வாந்தி. கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம். கருக்குழாயிலேயே கர்ப்பம் தங்கி வெடித்திருக்கலாம். தொற்றால் தழும்பேறிய குழாயில் இது நடக்க வாய்ப்பு அதிகம், உயிருக்கே ஆபத்து. இளைஞருக்குத் திடீரென ஒரு விரையில் தாங்க முடியாத வலி வந்தால் தொற்று என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். எரிச்சல் வந்து சில வாரம் கழித்து முழங்கால் வீங்கி, கண் சிவந்தால், அதுவும் கிளமிடியாவின் தொடர்ச்சியாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் போனாலும் எரிச்சல் இருந்ததைச் சொல்லுங்கள்.

பிறந்த குழந்தை

வைத்தியம் செய்யாத தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்கு வரும். பிறந்து 5 முதல் 14 நாளுக்குள் கண் வீங்கி, பீளை தள்ளும். கண்ணில் தாய்ப்பால் விட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். சொட்டு மருந்து மட்டும் போதாது, உள்ளுக்கும் மருந்து வேண்டும். ஒன்று முதல் மூன்று மாதத்தில், காய்ச்சல் இல்லாமல், விட்டு விட்டு வெட்டு வெட்டாக இருமும் குழந்தைக்கு நுரையீரலில் இதே கிருமி இருக்கக்கூடும். தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்தே வைத்தியம் நடக்க வேண்டும்.

வளர்ந்த குழந்தையிடமோ சிறுமியிடமோ பிறப்புறுப்புக் கிளமிடியா கண்டுபிடிக்கப்பட்டால், யாரோ அந்தக் குழந்தையைத் தொட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம் எழ வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

படி 7: மறுபரிசோதனை

மருந்து முடிந்த வாரமே "போயிடுச்சான்னு பாத்துடலாம்" என்று பரிசோதனைக்குக் கொடுக்காதீர்கள். செத்த கிருமியின் மரபணு மூன்று நான்கு வாரம்வரை வந்துகொண்டிருக்கும். பரிசோதனை "இருக்கிறது" என்று சொல்லி வீட்டில் வீண் சண்டையைக் கிளப்பும். கர்ப்பிணிகள் மட்டும் நான்கு வாரம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது எல்லோருக்கும். அப்போது தேடுவது பழைய தொற்றின் மிச்சத்தை அல்ல, புதிதாக ஒட்டியதை. மறுதொற்று அவ்வளவு சாதாரணம். தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். என்ன பரிசோதனை என்று எழுதத் தேவையில்லை, ஒரு வட்டம் போதும்.

மூன்றாம் மாதம் மறுபடி இருக்கிறது என்று வந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். மருந்துக்கு அடங்காத கிருமி என்று பதறுவதற்கு முன், துணை 14 மாத்திரையையும் சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும்.

அந்தப் பெண் அன்று துணைக்கான சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, மதியம் மூடப்போகிற நேரத்தில் அவர் தனியாக வந்தார். வொர்க்‌ஷாப் உடுப்பு, நகக்கண்ணில் கிரீஸ். நாலாக மடித்து வியர்வையில் ஊறிப்போன அந்தச் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவ மூணு தடவ மாத்திர சாப்ட்டா" என்றார். டப்பாவைக் கொடுத்து, முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.